இரண்டு சைக்கிள், ஒரு முழங்கால்: எதை விற்பது?

உவர்மலையான்

வணக்கம். கதை கொஞ்சம் நீளம், தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

2022-இல் பெற்றோல் வரிசை நீண்டு நீண்டு போனபோது, கோடிக்குள் கிடந்த அப்பாவின் பெரிய சைக்கிளை இழுத்தெடுத்துக் கழுவிப் பூட்டினேன். 28 அங்குலச் சில்லு, கம்பி பிரேக், கியர் கிடையாது. மகாராசா மாதிரி நிமிர்ந்து இருந்து ஓட வேண்டும். பெற்றோல் வந்த பிறகும் அதை விட மனம் வரவில்லை. திருகோணமலையில் உவர்மலையில் இருந்து உட்துறைமுக வீதிப் பக்கம் வேலைக்கு, பின்னேரம் சந்தைக்கு, வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு, மகளை ரியூசனில் இருந்து ஏற்றி வர, எல்லாவற்றுக்கும் அதுதான்.

போன ஆவணியில் ஆசை மிஞ்சிவிட்டது. ஜப்பானில் பாவித்துக் கழித்த ரேஸ் சைக்கிள் ஒன்று கொழும்பில் நல்ல விலைக்குக் கிடைத்தது, வாங்கினேன். சனி, ஞாயிறு விடிய எழும்பி நிலாவெளி போய்த் திரும்புவேன். போக வர 30 கிலோமீற்றர். 44 வயதுக்கு அது போதும்.

இப்போது பிரச்சினை. படியிறங்கும்போது வலது முழங்கால் சில்லுக்கு அடியில் ஊசி குத்துகிற மாதிரி நோ. திங்கட்கிழமை தொடங்கும், புதன் வியாழனில் உச்சம். ஞாயிறு நிலாவெளியால் வந்தால் பிடரி இறுகி, இரண்டு கையிலும் சின்னவிரலும் மோதிரவிரலும் விறைத்திருக்கும். மகளின் பின்னலுக்கு ரிப்பன் கட்ட விரல் மடங்கவில்லை என்றால் பாருங்கள். டொக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றும் இல்லை, கொஞ்ச நாள் ஓடாமல் இருங்கள் என்றார்.

என் சந்தேகம் இதுதான். ஐந்து நாள் நிமிர்ந்து இருந்தும் இரண்டு நாள் குனிந்து கிடந்தும் ஓடுவதால் மூட்டுகள் குழம்பிப்போகின்றனவா? மனைவி ஒன்றை விற்கச் சொல்கிறா. எதை விற்பது?


கச்சான்காற்று

இரண்டு தோணியில் கால் வைத்தவனுக்குக் கவட்டில்தான் வலிக்க வேண்டும். உங்களுக்கு முழங்காலில் வலிக்கிறது, அதிசயம்தான். ரேஸ் சைக்கிளை விற்றுவிடுங்கள். யாருக்கு என்று கேட்டால் எனக்கு. விலையைத் தனியாகக் கதைப்போம்.


செயின்எண்ணெய்

தம்பி, "சில்லுக்கு அடியில் நோ" என்று வாசித்ததும் பெயரிங் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். முப்பது வருசம் சைக்கிள் திருத்துகிறவனுக்கு வேறு என்ன தோன்றும்?

விற்கிற கதையை இப்போது விடுங்கள். எனக்கு மூன்று விசயம் தெரிய வேண்டும். ஒன்று, இரண்டு சைக்கிளிலும் சீற் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது, அளந்து சொல்ல வேண்டும். பெடலைச் சீற் பைப்புக்கு நேர்கோட்டில் வருகிற மாதிரிக் கீழே கொண்டுவந்து நிறுத்துங்கள். பெடல் அச்சின் நடுவில் இருந்து சீற்றின் மேற்பக்கம் வரைக்கும் பைப்பை ஒட்டியே நாடாவைப் பிடியுங்கள்.

இரண்டாவது, உங்கள் காலின் உள்நீளம். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றைக் கவட்டுக்குள் வைத்து, சீற்றில் இருக்கிற மாதிரி மேலே நன்றாக அழுத்திப் பிடியுங்கள். கொப்பியின் மேல் விளிம்பு சுவரில் படுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, நிலத்தில் இருந்து அளவெடுங்கள். வீட்டில் ஆள் இருந்தால் உதவிக்குக் கூப்பிடுங்கள். தனியே செய்தால் கொப்பி சரிந்து அளவு பிழைத்துவிடும்.

மூன்றாவது, எந்தச் சைக்கிளுக்கு என்ன செருப்பு அல்லது சப்பாத்து.


உவர்மலையான்

அண்ணை, அளந்தாயிற்று. மகள்தான் பென்சில் பிடித்தாள். சிரித்துச் சிரித்து இரண்டு கோடு போட்டுவிட்டாள், அதனால் மூன்று தரம் எடுக்க வேண்டி வந்தது.

காலின் உள்நீளம் 80 சென்ரிமீற்றர். ரேஸ் சைக்கிளில் சீற் 87. அப்பாவின் சைக்கிளில் 79.5.

ரேஸுக்குக் கட்டிப் போடுகிற சப்பாத்து. பெரிய சைக்கிளுக்குப் பாட்டா செருப்பு.


கணக்குவாத்தி

ஏழரைச் சென்ரிமீற்றர் வித்தியாசம்! ஏழரைச் சனி என்பது இதுதான் போல.

கணக்கைப் பார்ப்போம். ஹாம்லி, தோமஸ் என்ற இரண்டு பேர் 1967-இல் ஆய்வு செய்து சொன்னது: காலின் உள்நீளத்தை 1.09-ஆல் பெருக்கினால், பெடல் அச்சில் இருந்து சீற் வரையான உயரம் வரும். உங்களுக்கு 80 × 1.09 = 87.2. இன்னொரு கணக்கு, டூர் டி பிரான்ஸை 1986, 1989, 1990 என்று மூன்று முறை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமண்டின் பெயரில் வழங்குவது. அது உள்நீளத்தின் 0.883 பங்கு. ஆனால் அளப்பது பெடலில் இருந்து அல்ல, கிராங்க், அதாவது பெடல் பூட்டின கை, சுற்றுகிற நடு அச்சில் இருந்து. 80 × 0.883 = 70.6. அதோடு கிராங்கின் நீளம் 17 சென்ரிமீற்றரைக் கூட்டினால் 87.6. இரண்டு வழியிலும் போய் நாலு மில்லிமீற்றர் தூரத்தில் சந்திக்கிறோம்.

ஆகவே உங்கள் ரேஸ் சைக்கிள் தங்கமான அளவில் இருக்கிறது. மற்றதில் நீங்கள் குந்தியிருந்து மிதிக்கிறீர்கள்.


கச்சான்காற்று

அப்படியென்றால் ரேஸ் சைக்கிள் குற்றவாளி இல்லையா? என் கனவில் மண் விழுந்தது.


உவர்மலையான்

ஆனால் வாத்தியார், நோ திங்கட்கிழமைதானே தொடங்குகிறது? சனி, ஞாயிறு குனிந்து ஓடினதன் பலன் திங்கள் தெரிகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

சீற் ஏன் பதிந்திருக்கிறது என்றால், அப்பா என்னைவிட ஆள் கட்டை. அவர் வைத்த உயரத்தை நான் மாற்றவே இல்லை. தவிர, மகள் கரியரில் இருக்கும்போது சந்தியில் நிறுத்தினால் இரண்டு காலும் நிலத்தில் ஊன்ற வேண்டும். அது ஒரு தைரியம்.


செயின்எண்ணெய்

தம்பி, ஒரு கேள்வி. நோ எந்த மாதம் தொடங்கியது? வாடைக் காலத்தில் நிலாவெளிக்கு ஓடினீர்களா?


உவர்மலையான்

கார்த்திகையில் தொடங்கியது. அந்த மழைக்குள் எங்கே நிலாவெளி போவது? கார்த்திகை நடுவில் இருந்து தை முடியும் வரைக்கும் ரேஸ் சைக்கிள் உறை போட்டபடி சுவரில் சாய்ந்து நின்றது.

ஐயோ. அப்போதும் நோ இருந்தது.

இன்னும் ஒன்று இப்போதுதான் நினைவு வருகிறது. மகளின் ரியூசன் இடம் மாறியது கார்த்திகையில். அதற்கு முதல் அவள் நடந்தே வருவாள். இப்போது திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கீழே இருந்து உவர்மலை ஏற்றத்தில் அவளையும் புத்தகப் பையையும் கரியரில் வைத்து மிதிக்கிறேன். ஆள் 38 கிலோ, பை வேறு.

விரல் விறைப்பு மட்டும் வைகாசிக்குப் பிறகுதான். கச்சான் காற்றுத் தொடங்கின பிறகு.


செயின்எண்ணெய்

பாருங்கள், காற்றே சாட்சி சொல்லிவிட்டது. முழங்கால் நோ வாடையிலும் இருந்தது, கச்சானிலும் இருக்கிறது. ஆகவே அது அப்பாவின் சைக்கிளோடு வந்தது. விரல் விறைப்பு கச்சானோடு வந்தது. ஆகவே அது ரேஸ் சைக்கிளின் கணக்கு. இரண்டு நோவையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதுதான் நீங்கள் விட்ட பிழை.


தூரதேசத்து இயன்மருத்துவர்

திருகோணமலையில் பிறந்து வளர்ந்து இப்போது கனடாவில் இயன்மருத்துவம் பார்க்கிறேன். செயின்எண்ணெய் அண்ணை கேட்ட அந்தக் கேள்வியை எங்கள் படிப்பில் சொல்லித்தரவே இரண்டு வருசம் எடுக்கும்.

உவர்மலையான் அண்ணா, மூட்டு குழம்பாது. செருப்போடு நடந்துவிட்டுச் சப்பாத்தோடு ஓடினால் கணுக்கால் குழம்புகிறதா? இரண்டு விதமாக இருந்து ஓடுவது உடம்புக்கு ஒரு வகையில் நல்லதும்கூட, ஒரே இடத்தில் ஒரே அழுத்தம் விழாது. ஏதாவது ஒரு சைக்கிளின் அளவு பிழைத்தாலோ, பழகாத பாரத்தைத் திடீரென்று ஏற்றினாலோதான் சிக்கல். உங்களுக்கு இரண்டும் ஒன்றாக நடந்திருக்கிறது.

முழங்காலின் எந்தப் பக்கம் நோகிறது என்பது நல்ல துப்பு. முன்பக்கம், சில்லைச் சுற்றி நோ என்றால் பெரும்பாலும் சீற் பதிவு, அல்லது அளவுக்கு மீறிப் பாரமான மிதி. முழங்கால் அதிகம் மடிந்த நிலையில் தள்ளும்போது, சில்லு தொடையெலும்போடு கூடுதலாக நெரிபடும். பின்பக்கம், மடிப்புக்குள் இழுக்கிற மாதிரி நோ என்றால் சீற் மிஞ்சி உயர்ந்திருக்கும். உட்பக்கமோ வெளிப்பக்கமோ என்றால் பாதம் பெடலில் எந்தக் கோணத்தில் நிற்கிறது, பெடல் நேராகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் துப்புத்தான், தீர்ப்பு இல்லை.

பெடல் அடியில் நிற்கும்போது முழங்கால் 25 பாகை தொடக்கம் 35 பாகை வரை மடிந்திருந்தால் நல்லது. உங்கள் பெரிய சைக்கிளில் அதைவிட நிறைய மடிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வீக்கம் வந்தால், முழங்கால் இடையில் பூட்டிக்கொண்டு நிமிராவிட்டால், நடக்கும்போது திடீரென்று மடிந்தால், இரவில் நித்திரையைக் கெடுக்கிற நோ என்றால், நாடாவையும் ஸ்பனரையும் கீழே வைத்துவிட்டு மறுபடி டொக்டரிடம் போங்கள்.


பழைய பாதை

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளைகள் எல்லாரும் நாடாவும் கையுமாக நிற்கிறீர்கள்.

எனக்கு 71 வயது. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009-இல். அதற்கு முதல் நாங்கள் சைக்கிளோடு பாதையில் ஏறி, அக்கரையில் இறங்கி, சீனக்குடா வழியாக டவுனுக்கு மிதிப்போம். பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதையும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. பின்னால் ஐஸ் பெட்டியில் மீன், முன்னால் பாரில் மகன். எங்கட வாப்பா வைத்த சீற் உயரம்தான், நான் ஒரு நூல் மாற்றவில்லை. முழங்கால் நோ என்ற சொல்லே அப்போது இல்லை.

நாற்பது வயதுக்கு மேல் வளைந்த ஹாண்டிலில் படுத்துக்கொண்டு பறக்க ஆசைப்பட்டால் உடம்பு கேட்குமா மகன்? சீற்றில் பிழை இல்லை, ஆசையில்தான் பிழை.


நிலாவெளி ரீச்சர்

காக்கா சொல்வதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோ என்ற சொல் அப்போது இல்லாமல் இல்லை. எங்கள் அம்மம்மா வீட்டில் பின்னேரமானால் ஆண்கள் எல்லாரும் வரிசையாக நல்லெண்ணெய் பூசிக்கொண்டு இருப்பார்கள், அது எதற்காம்?

எனக்கும் இரண்டு சைக்கிள். பள்ளிக்கூடத்துக்கு லேடீஸ் சைக்கிள், பின்னேரம் உடம்புக்காக மகனின் கியர் சைக்கிள். எனக்கு நோ மணிக்கட்டில். லேடீஸ் சைக்கிளின் ஹாண்டில் பின்னுக்கு வளைந்து வரும், உள்ளங்கை இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். தண்ணி வாளி தூக்குகிற மாதிரி, கைக்கு இயல்பான பிடி. கியர் சைக்கிளின் ஹாண்டில் நேர்க் கம்பி. உள்ளங்கை நிலத்தைப் பார்க்கும், மணிக்கட்டு மேலே வளையும். பிரேக் பிடியைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பிவிட்டேன், முழங்கையில் இருந்து விரல் நுனி வரை ஒரு கோட்டில் வந்தது. அவ்வளவுதான், நோ போய்விட்டது. ஐந்து நிமிட வேலை, ஐந்து மாதம் தைலம் பூசியிருந்தேன்.

இன்னொன்று. வீட்டில் ஆளாளுக்குச் சீற்றை ஏற்றி இறக்கினால் உங்கள் உயரம் தொலைந்துவிடும். சீற் பைப்பில் என் கோடு சிவப்பு நகப்பூச்சு, மகனுடையது பச்சை. கடற்கரை உப்புக்காற்றிலும் நகப்பூச்சு நிற்கிறது, மார்க்கர் பேனா நிற்கவில்லை.


செயின்எண்ணெய்

காக்கா, உங்களோடு வாதாட எனக்கு வயது காணாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். கிண்ணியாவில் இருந்து டவுன் வரைக்கும் உவர்மலை மாதிரி ஏற்றம் எங்கே இருக்கிறது? நீங்கள் பதினைந்து வயதில் இருந்து ஒவ்வொரு நாளும் மிதித்து ஊறின கால். தம்பி இருபது வருசம் மோட்டார் சைக்கிளில் இருந்துவிட்டு, பெற்றோல் இல்லாத கேட்டுக்கு இறங்கினவர்.


பழைய பாதை

அது சரி. ஏற்றம் இல்லைத்தான். காற்று மட்டும்தான்.


கணக்குவாத்தி

ஏற்றம் என்றதும் எனக்குக் கை அரிக்கிறது. உவர்மலையான், இரண்டு சைக்கிளிலும் பல் எண்ணிச் சொல்ல முடியுமா? முன்னும் பின்னும்.


உவர்மலையான்

பெரிய சைக்கிள் முன்னால் 48, பின்னால் 18. ரேஸ் சைக்கிளில் ஏற்றத்துக்குப் போடுகிற ஆக இலேசான கியரில் முன்னால் 34, பின்னால் 28. செயின் கறுப்பு விரலில் ஒட்டி, இதைத் தட்டச்சு செய்கிற போனும் கறுப்பு.


கணக்குவாத்தி

நன்றி. பெரிய சைக்கிளில் ஒரு முழு மிதிக்குச் சில்லு 2.67 தரம் சுற்றும். 28 அங்குலச் சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 2.23 மீற்றர். ஆக, ஒரு மிதிக்கு நீங்கள் போகிற தூரம் கிட்டத்தட்ட 6 மீற்றர். ரேஸ் சைக்கிளில் அந்த இலேசான கியரில் ஒரு மிதிக்கு 2.5 மீற்றரை ஒட்டி வரும்.

அதே ஏற்றத்தில் ஒரு மிதிக்கு 6 மீற்றர் ஏறுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு தள்ளலிலும் முழங்கால் கொடுக்க வேண்டிய பலம் இரண்டு மடங்குக்கு மேல். அதில் 38 கிலோவும் பையும் கூட. அதையும் முழங்காலை மடித்து வைத்தபடி செய்கிறீர்கள். எனக்கு இதை எழுதவே முழங்கால் நோகிறது.


வேகப்பெடியன்

அண்ணா, இவ்வளவு கதை எதற்கு? இரண்டு சைக்கிளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாங்கோ. சீற், ஹாண்டில், எல்லாம் மில்லிமீற்றர் பிசகாமல். ரேஸ் ஓடுறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.


தூரதேசத்து இயன்மருத்துவர்

தம்பி, ரேஸ் ஓடுகிறவரிடம் ஒரே வகையான இரண்டு சைக்கிள் இருக்கும், அவருக்கு அது சரி. இது சந்தைக்குப் போகிற சைக்கிள். பழைய பெரிய சைக்கிளின் சீற் பைப் பின்னுக்கு நன்றாகச் சாய்ந்திருக்கும், நிலத்தோடு 67, 68 பாகை. ரேஸ் சைக்கிளில் 73-ஐ ஒட்டி. அதனால் ஒன்றில் பெடலுக்குப் பின்னால் இருந்து முன்னுக்குத் தள்ளுகிறோம், மற்றதில் ஏறக்குறைய மேலே இருந்து கீழே தள்ளுகிறோம். அதை மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. ஹாண்டிலும் அப்படித்தான். கரியரில் பிள்ளையை வைத்துக்கொண்டு குனிந்து ஓடச் சொல்கிறீர்களா?

காலின் நீட்டத்தைக் கிட்டக் கொண்டுவந்தால் போதும். அதிலும் பெரிய சைக்கிளில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் குறைவாக இருப்பது பிழை இல்லை.


செயின்எண்ணெய்

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாட்டா செருப்போடு ஓடுகிறவர்கள் விரல் அடியால் மிதிப்பதில்லை, பாதத்தின் நடுவால் மிதிப்பார்கள். அப்போது கால் குறுகின மாதிரி. சப்பாத்துக்கு வைத்த உயரம் செருப்புக்குக் கூடிவிடும்.

தம்பி, இப்படிச் செய்யுங்கள். மூன்று நாளுக்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் ஏற்றுங்கள். ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். சீற் பைப் சட்டத்துக்குள் இரண்டரை அங்குலமாவது இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் முறிந்து நீங்கள் மகளோடு தரையில். பைப் கட்டை என்றால் நீளமானது போடலாம். பின் பிறீவீலை 22 பல்லுக்கு மாற்றினால் ஒரு மிதிக்கு 6 மீற்றர் என்பது 5-க்குக் கீழே வரும். அதுவரைக்கும் அந்த ஏற்றத்தில் மகளை இறக்கிவிட்டு உருட்டிக்கொண்டு நடவுங்கள்.


உவர்மலையான்

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

சீற் பைப் துருவேறி அசையவில்லை. இரவு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, விடிய இரண்டு கையாலும் சீற்றைப் பிடித்து முறுக்கினேன், கிறீச் என்று ஒரு சத்தம், இளகியது. மேலே இழுத்தபோது பைப்பில் ஒரு துரு வளையம். அதற்கு மேலே கறுத்த இரும்பு, கீழே கடையில் வாங்கினபோது இருந்த மாதிரிப் பளபளப்பு. அப்பா ஒருதரம் வைத்த உயரத்தில் அந்தக் கோடு நின்றுவிட்டது. அதை மட்டும் உரஞ்சித் துடைக்கவில்லை.

ஒவ்வொரு சென்ரிமீற்றராக 84 வரைக்கும் வந்தேன். நோ பாதிக்கு மேல் குறைந்தது. அப்புறம் அவசரக் குடுக்கைப் புத்தி. மூன்று சென்ரிமீற்றரை ஒரேயடியாக ஏற்றி 87-க்கு வைத்தேன். இரண்டு நாளில் முழங்காலின் பின்மடிப்பில் இழுவை தொடங்கியது. பின்னால் நடந்து வந்த மனைவி, "உங்கட இடுப்பு ஏன் கரகம் ஆடுற மாதிரி ஆடுது?" என்று கேட்டா. கால் எட்டாமல் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பைச் சரித்திருக்கிறேன், எனக்கே தெரியாது. 85-க்கு இறக்கினேன். இழுவையும் போனது, கரகமும் நின்றது. ரீச்சர் சொன்ன நகப்பூச்சுக் கோடு போட்டாயிற்று, மகள் ரோஸ் நிறம்தான் தந்தாள்.

நிறுத்தும்போது சீற்றில் இருந்து முன்னுக்கு இறங்கிக் காலூன்றப் பழக இரண்டு கிழமை எடுத்தது. ஏற்றத்தில் இருவரும் நடக்கிறோம். அந்தப் பத்து நிமிடத்தில் அவள் பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுகிறாள்.

விரல் விறைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.


தூரதேசத்து இயன்மருத்துவர்

அண்ணா, சின்னவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் போகிற நரம்பு, உள்ளங்கையின் அடியில் சின்னவிரல் பக்கமாக ஓடுகிறது. ஹாண்டில் அந்த இடத்தில் நெடுநேரம் அழுத்தினால் அந்த இரண்டு விரலும்தான் விறைக்கும். பெருவிரல் பக்கம் விறைத்தால் அது வேறு நரம்பு. பிடரிக்கும் காரணம் இருக்கிறது. தலை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்து இருந்தால் அதை முள்ளந்தண்டு தாங்கும். குனிந்து கிடந்து முன்னால் பார்த்தால் பிடரித் தசைதான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கையை நீட்டி ஒரு தேங்காயைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள்.

கச்சானில் திரும்பி வரும்போது எப்படி ஓடுகிறீர்கள்? இன்னொன்று, ரேஸ் சைக்கிளின் சீற் மட்டமாக இருக்கிறதா, மூக்குப் பதிந்திருக்கிறதா?


உவர்மலையான்

பிடித்துவிட்டீர்கள். திரும்பும்போது காற்று முன்னும் பக்கமுமாக அறைகிறது, சாம்பல்தீவுப் பாலத்தில் ஆளையே தள்ளும். அதற்குப் பயந்து ஹாண்டிலின் அடிவளைவைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை நிமிர்த்திப் பூட்டி, டவுன் வரும் வரைக்கும் அப்படியே கிடப்பேன்.

சீற்றின் மூக்கை நான்தான் பதித்தேன். இருக்கிற இடம் நோகிறது என்று இரண்டு மாதம் முந்தி. பக்கத்து வீட்டு மேசனிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தால் குமிழி ஒரு பக்கத்து மூலைக்கே ஓடிவிட்டது. அப்போது நான் இவ்வளவு நாளும் முன்னுக்கு வழுக்கிக்கொண்டே வந்து, கையால் என்னை முட்டுக்கொடுத்திருக்கிறேன்.

மட்டமாக்கி, ஹாண்டிலுக்கு இரட்டைச் சுற்று நாடா கட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பிடியை மாற்றி, முழங்கையை இளக்கி ஓடிப் பார்த்தேன். நேற்று ரிப்பன் கட்டினேன். கோணல்தான், ஆனால் கட்டினேன்.


பழைய பாதை

மகன், காற்றை எதிர்த்து ஓடாதே. விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு ஏழுக்கு முதல் வீட்டுக்கு வந்துவிடு, கச்சான் எழும்பாது. இதை எந்த நாடாவும் அளக்காது.


உவர்மலையான்

அப்படியே செய்கிறேன் காக்கா.

கடைசியாக ஒரு சின்ன விசயம், செயின்எண்ணெய் அண்ணைக்கு. சீற் உயர்ந்த பிறகுதான் கவனித்தேன். பெரிய சைக்கிளின் இடது பெடல் ஒவ்வொரு சுற்றிலும் பாதத்தைக் கொஞ்சம் உள்ளே சரித்து வெளியே சரிக்கிறது. வண்ணத்துப்பூச்சி செட்டை அடிக்கிற மாதிரி.


செயின்எண்ணெய்

அச்சு வளைந்திருக்கிறது. எந்தக் காலத்திலோ விழுந்த அடி. அப்படியே விட்டால் அடுத்ததாக இடது முழங்காலின் பக்கவாட்டில் நோ வரும், நீங்கள் இன்னொரு இழை தொடங்குவீர்கள். புதுப் பெடல் போடலாம். நீங்களே கழற்றுவது என்றால் ஒன்றை மறக்க வேண்டாம். இடது பெடலின் மரை இடம்புரி. வழக்கமாகப் பூட்டுகிற பக்கம் திருப்பினால்தான் அது கழரும்.


உவர்மலையான்

அண்ணை, இதை நீங்கள் நேற்றே எழுதியிருக்கலாம். வழக்கமாகக் கழற்றுகிற பக்கமாக அரைமணித்தியாலம் திருப்பினேன். அசையவில்லை என்று ஸ்பனரின் வாலில் சுத்தியலால் அடித்தேன்.


செயின்எண்ணெய்

எத்தனை அடி?


உவர்மலையான்

எண்ணவில்லை.


செயின்எண்ணெய்

சனிக்கிழமை பத்து மணிக்குக் கடை திறப்பேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு வாங்கோ. சுத்தியலை வீட்டில் வைத்துவிட்டு வாங்கோ.